ஒரேயடியாய்ப் போட்டார்

பத்மாசினி தபாற்கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே ஒன்றைத் தெரிந்துகொண்டாள். செத்துப்போனவரைச் செத்துப்போனார் என்று யாரும் தந்தியில் எழுத மாட்டார்கள். 'தகப்பன் நிலைமை மோசம், உடனே வா' என்றுதான் எழுதுவார்கள். கொழும்பில் இருக்கிற மகன் அதை வாசித்துவிட்டு அழுதபடி பெட்டியைக் கட்டுவான். தகப்பன் முதல் நாளே போய்ச் சேர்ந்திருப்பார். அனுப்புகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், இடையில் இருந்து எழுதி எடுக்கிற பத்மாசினிக்கும் தெரியும். பிறகு சண்டை வந்து, லைன் அறுந்து, தந்தி நின்று, கந்தோரும் இடம் மாறி மாறி அலைந்து, கடைசியில் முத்திரை விற்கிற யன்னலில் இருந்து அவள் ஓய்வு பெற்றாள். ஆனாலும் யாராவது மெல்லிய குரலில் சுற்றி வளைத்துக் கதைத்தால், யார் செத்தது என்றுதான் இன்றைக்கும் அவள் மனம் முதலில் கேட்கும்.

கணவர் கனகரத்தினம் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்தவர். உடுவிலில் எந்தக் கூட்டம் நடந்தாலும் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் 'ஓம்', 'இல்லை', 'தேத்தண்ணி' என்ற அளவில் பொழுதை ஓட்டிவிடுவார். இப்படிப்பட்ட மனுசனுக்குக் கோல்ஃப் பைத்தியம் பிடித்தது என்றால் யார் நம்புவார்கள்? எங்களிடம் மாடு மேய்கிற தரவை இருக்கிறது. கோல்ஃப் அடிக்கிற புல்லுக்கு எங்கே போவது?

அதற்குக் காரணம் இஸ்ஸதீன். கனகரத்தினத்தோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனங்களை ஒரேயடியாக வெளியேற்றியபோது, மனைவி ஸபூராவையும் உடுத்த உடுப்பையும் தவிர வேறொன்றும் இல்லாமல் போனவர். எங்கெங்கோ அலைந்து, நுவரெலியாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் சாமான் அறையில் வேலை எடுத்தார். போர் ஓய்ந்து பாதை திறந்த பிறகு, பழைய பள்ளிக்கூடச் சிநேகிதர் நாலு பேர் அவரைத் தேடிப் போனார்கள். கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களின் கையில், கழித்துப் போட்ட பழைய மட்டைகளைக் கொடுத்து இஸ்ஸதீன் புல்லில் இறக்கிவிட்டார். அன்று பிடித்த பைத்தியம். இஸ்ஸதீன் யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்து குடியேறிய பிறகும் விடவில்லை. வருசா வருசம் நல்லூர்த் திருவிழாக் கொடி இறங்கி, விரதம் முடிந்து, வீடுகளில் மச்சச் சட்டி அடுப்பில் ஏறின கையோடு ஒரு வானைப் பிடித்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள்.

போட்டி என்றால் பரிசு வேண்டுமே. கனகரத்தினம் முதல் வருசமே பத்மாசினியின் குசினியில் இருந்து பித்தளைச் செம்பைத் தூக்கிக்கொண்டு போனார். அது அவளுடைய தாய் வீட்டுச் செம்பு. வெல்கிறவர் ஒரு வருசம் வீட்டில் வைத்திருக்கலாம். கனகரத்தினம் ஒரு முறைகூட வெல்லவில்லை. ஒவ்வொரு வருசமும் கடைசி. தன் செம்பு பருத்தித்துறையில் அந்த நாலு பேரில் ஒருவரான ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் இருப்பதை ஒரு கலியாணத்துக்குப் போன இடத்தில் கண்டுவிட்டு, பத்மாசினி வழி முழுக்கக் கணவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அதெல்லாம் செல்லக் கோபம். உண்மையான கோபம் வேறு.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, செந்தூரன். ஆறு வருசத்துக்கு முந்தி, குருநகரில் யசிந்தா என்ற பிள்ளையைக் கட்டப்போவதாக வந்து சொன்னான். அவள் வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பம். தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஊருக்கெல்லாம் சமத்துவம் பற்றி மைக்கில் பேசிய கனகரத்தினம் முற்றத்தில் நின்று சொன்னார்: "கட்டு. ஆனா நான் செத்தாலும் நீ இந்த வாசலுக்கு வரக்கூடாது. எனக்குக் கொள்ளி வைக்க வேற ஆள் இருக்கு." செந்தூரன் உள்ளே போய் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு வந்தான். தாயைப் பார்த்து, "போறன்" என்றான்.

எங்கள் ஊரில் படலையடிக்குப் போய் வருகிறவன்கூட 'போறன்' என்று சொல்ல மாட்டான். போய்விட்டு வருகிறேன் என்பதைச் சுருக்கி, 'போட்டு வாறன்' என்பான். நாலு வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். செந்தூரன் தெரிந்தேதான் அந்தச் சொல்லைச் சொன்னான் என்று பத்மாசினிக்கு விளங்கியது. அந்த ஒற்றைச் சொல் ஆறு வருசமாக அவள் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது.

மகன் பாரிசுக்குப் போனான், யசிந்தாவும் போனாள், ஒரு பெண்பிள்ளை பிறந்தது. கணவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து பத்மாசினி களவாகக் கதைப்பாள். இந்த வருசம் பயணத்துக்கு முதல் நாள், பேத்தியின் படத்தைக் கனகரத்தினத்தின் முன்னால் வைத்து, ஒரு சொல்லுக் கதையுங்கோ என்று கேட்டாள். அவர் படத்தைக் கனநேரம் பார்த்துவிட்டுக் குடையைத் தேடப் போய்விட்டார். விடிய வான் வந்து நின்றபோது அவர் வாசலில் நின்று, "இஞ்சேரும், போட்டு வாறன்" என்றார். பத்மாசினி குசினிக்குள் நின்றுகொண்டு வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை அவள் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர். ஒரே காற்றுச் சத்தம். அதற்குள் மாஸ்ரரின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"தங்கச்சி, ஆழ்வாப்பிள்ளை கதைக்கிறன். கனகு… ஒரேயடியாப் போட்டான், தங்கச்சி. நாங்கள் ஆருமே எதிர்பாக்கேல்லை. நிண்ட நிலையிலை, ஒரு சத்தமும் இல்லை. இஸ்ஸதீன் சின்னப்பிள்ளை மாதிரி அழுறான். நாளைக்கு விடிய ஆளைக் கொண்டுவாறம். ஊர்ச்சனத்துக்குச் சொல்லுங்கோ."

போய்விட்டான் என்பதையும் எங்கள் வாய் 'போட்டான்' என்றுதான் சொல்லும். பத்மாசினிக்கு இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை பேருடைய வீட்டுக்கு எத்தனை தந்தியை எழுதி அனுப்பினவள். மாஸ்ரர் செத்தான் என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டார், படித்த மனுசன். ஒரேயடியாகப் போய்விட்டான், ஆளைக் கொண்டுவருகிறோம். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? சுளகு மடியில் இருந்து வழுக்கி இலையெல்லாம் நிலத்தில் கொட்டுண்டது. அவள் அதைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். ஏன் பொறுக்கினாள் என்று பிறகும் அவளுக்குத் தெரியவில்லை.

மாஸ்ரருக்கு எடுத்தாள், போகவில்லை. கணவருக்கு எடுத்தாள். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று பாசையிலும் சொன்னாள். விளையாடும்போது போனை வானுக்குள் நிற்பாட்டி வைத்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் செத்த மனுசனின் போன் வேறு எப்படி இருக்கும் என்றுதான் அப்போது நினைத்தாள். 'போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு 'ஓம்' என்று ஒரு சொல்லுச் சொல்லவில்லையே என்ற நினைப்பு வந்தது. அழுகை வரவில்லை. முன்வீட்டு நிவேதனா ஏதோ கேட்க வந்து, அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வாங்கிக் கேட்டுவிட்டு, கத்தினாள்.

அதற்குப் பிறகு ஊர் பார்த்துக்கொண்டது. எங்கள் ஊரில் கலியாணத்துக்கு ஆள் சேர்க்கத்தான் நாள் பிடிக்கும். வாங்குகள் வந்தன, தகரக் கொட்டகைக்காரன் வந்தான், ஐயருக்கு ஆள் போனது. சந்தியில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் ஜெயசுதன், மத்தியானத்துக்குள் 'கண்ணீர் அஞ்சலி' பதாகைகள் அடித்துத் தூண்களில் கட்டிவிட்டான். படத்துக்கு வேறு வழியில்லாமல், போன வருசம் நுவரெலியாவில் தொப்பியோடு நின்று சிரித்த படத்தைப் போட்டிருந்தான்.

பத்மாசினி செய்தது ஒரே ஒரு காரியம். பாரிசில் இன்னும் சரியாக விடிந்திராத நேரத்தில் மகனுக்கு எடுத்தாள்.

"தம்பி, அப்பா போட்டார்."

"வாறன் அம்மா" என்றான் அவன்.

அவள் பயந்து பயந்து, அப்பா வராதை எண்டு சொன்னவரல்லோ என்றாள்.

"அவர் சொன்னது அவரோடை போட்டுது. நான் வாறன்."

பின்னேரம் வீடு நிறையச் சனம். பத்மாசினியை நடுவில் இருத்தி, உறவுக்காரப் பெண்கள் சுற்றியிருந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த போன் அடித்தது. திரையில் கணவரின் பெயர். ஆஸ்பத்திரியில் இருந்து யாராவது எடுக்கிறார்களாக்கும் என்று நினைத்துக் காதில் வைத்தாள்.

"இஞ்சேரும்," என்றார் கனகரத்தினம், "செம்பு இந்த முறை எங்களுக்கு."

அதை அவள் பிறகு எத்தனை பேருக்குச் சொன்னாலும், அந்தக் கணத்தைச் சரியாகச் சொல்ல அவளால் முடிந்ததில்லை. செத்தவர் கதைக்கிறார். ஒப்பாரி நடக்கிறது. செத்தவர் சந்தோசமாகக் கதைக்கிறார். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அவர் அவளோடு கதைத்ததே இல்லை. ஒரே அடி, தூரத்தில் இருந்து அடித்த பந்து புல்லில் விழுந்து உருண்டு நேரே குழிக்குள் போய்விட்டது, வாழ்நாள் முழுக்க விளையாடுகிறவனுக்கும் கிடைக்காதது, இஸ்ஸதீன் கட்டிப்பிடித்து அழுதான், ஆழ்வாப்பிள்ளைதான் சட்டத்தை மீறி ஒளித்து வைத்திருந்த போனில் உடனே உமக்குச் சொன்னானாம், அதோடு அவனுடைய பற்றரி முடிந்துபோச்சாம். நாளைக்கு என்னை மாலை போட்டுத்தான் கொண்டுவருவார்களாம். ஊர்ச்சனத்துக்குச் சொல்லிப்போட்டீரோ?

"சொல்லிப்போட்டன்" என்றாள் பத்மாசினி.

ஒரேயடியாகப் போட்டான். ஒரே அடியில் போட்டான். மாஸ்ரர் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. அவள்தான் தந்தியை வாசிப்பதுபோல அதை வாசித்துவிட்டாள். போனை நிவேதனாவிடம் நீட்டினாள். அவள் கேட்டுவிட்டுத் திரும்பவும் கத்தினாள். ஒப்பாரி பாதியில் அறுந்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ திட்டினார்கள், கொட்டகைக்காரன் இனி நான் என்ன செய்கிறது என்று கேட்டான். ஜெயசுதன் பதாகைகளை அவிழ்க்கச் சந்திக்கு ஓடினான். பத்மாசினி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கட்டிலில் இருப்பதற்குள் போன் திரும்ப அடித்தது. செந்தூரன். பின்னால் விமான நிலையத்து இரைச்சல்.

"அம்மா, பிளேனுக்கு ஏறப்போறன். நாளைக்குப் பின்னேரம் வந்திடுவன்." குரல் அடைத்துப்போய் இருந்தது. நன்றாக அழுதிருக்கிறான். "நான் வருமட்டும் வைச்சிருப்பினமோ? அப்பான்ரை முகத்தை ஒருக்காப் பாக்கவேணும் அம்மா."

சொல்ல வேண்டியது ஒரு வரி. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, பிழையாக விளங்கிவிட்டது. சொன்னால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். மூச்சை விடுவான், கோபத்தில் சிரிப்பான், திரும்பி வீட்டுக்குப் போய்விடுவான். உயிரோடு இருக்கிற தகப்பனிடம் வர அவனுக்கு அனுமதி இல்லை. செத்த தகப்பனிடம்தான் வருகிறான். இனி அவர் உண்மையாகவே கண்ணை மூடுகிற நாளில்தான் அவன் வருவான், வந்து என்ன?

"ஓம் தம்பி," என்றாள். "நீ வருமட்டும் அப்பா இருப்பார்."

போனை வைத்த பிறகு தன் கையைத் தானே பார்த்தாள். வேறு யாரோ கதைத்ததுபோல இருந்தது. நெருப்பை விழுங்கிக்கொண்டு பறந்து வரப்போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் விட்டவள், பெற்ற தாய். தன் மேலேயே அவளுக்குப் பயம் வந்தது.

அடுத்த நாள் காலை வான் வந்தது. கனகரத்தினம் கழுத்தில் வாடின மாலையோடும் கையில் செம்போடும் இறங்கினார். சந்தியில் அவிழ்க்கப்படாமல் விடுபட்ட ஒரு பதாகையில் தன்னுடைய சிரித்த முகத்தைக் கண்டுவிட்டு, முகம் வெளிறித்தான் வந்திருந்தார். பின்னால் ஆழ்வாப்பிள்ளை மாஸ்ரர் தலை நிமிரவில்லை. இஸ்ஸதீன்தான் பத்மாசினியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, எங்களை மன்னியும் தங்கச்சி என்றார். அவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு பத்மாசினி கணவரிடம் சொன்னாள்.

"செந்தூரன் வாறான்."

அவர் திடுக்கிட்டுப் போனார். செய்தி அவனுக்கும் போய்விட்டதா என்று கேட்டார். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டீரா என்று கேட்டார். இல்லை என்றாள். கனகரத்தினம் செம்பை மேசையில் வைத்தார். வைத்த இடம் சரியில்லாததுபோல மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார்.

"எனக்குக் கொள்ளி வைக்கவோ வாறான்?"

"ஓம்."

"வராதை எண்டல்லோ சொன்னனான்."

"ஓம். சொன்னனீங்கள். அவன் வாறான்."

அவர் கதிரையில் இருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. மாஸ்ரர் வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வருகிறேன் என்று ஒரு முறை எழும்பினார். பத்மாசினி வாசலில் நின்றாள். எங்கேயும் போகக்கூடாது, நீங்கள் இருப்பீர்கள் என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன் என்றாள். அந்தக் குரலை அவர் முன்னே பின்னே கேட்டதில்லை. போய்க் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து முற்றத்து வேப்ப மரத்தடியில் நின்றார்.

கார் வந்து நின்றது. செந்தூரன் ஒரு சின்னப் பையோடு இறங்கினான். இரண்டு நாள் தாடி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. படலையைத் திறந்துகொண்டு தலையைக் குனிந்தபடி நாலு அடி வந்தவன், வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, நிமிர்ந்தான். பை கையில் இருந்து விழுந்தது. தகப்பனைக் காலில் இருந்து தலை வரைக்கும் பார்த்தான். அப்படியே மண்ணில் இருந்துவிட்டான்.

கனகரத்தினம் இரண்டு அடி வந்து நின்றார். தொடக் கை போனது, தொடவில்லை.

"வராதை எண்டு சொன்னனான்," என்றார். கோபத்துக்கு அந்தக் குரலில் இடமே இருக்கவில்லை.

"சொன்னனீங்கள்" என்றான் செந்தூரன்.

பிறகு அவன் தாயைத் தேடினான். பத்மாசினி ஒளித்துக்கொள்ளவில்லை. ஆழ்வாப்பிள்ளையின் செய்தியையும், தான் விளங்கிக்கொண்டதையும், ஒரே அடியில் குழிக்குள் போன பந்தையும் சொன்னாள். அவனுக்கு முகம் கொஞ்சம் இளகியது. ஒரு கணம் சிரித்துவிடுவான் போலக்கூட இருந்தது. அப்போதுதான் கேட்டான்.

"உங்களுக்கு எப்ப அம்மா தெரியும்?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு கணம் இருந்தது.

"நீ பிளேன் ஏறமுந்தியே தெரியும்."

செந்தூரன் எழும்பினான். அவன் காற்சட்டை முழுக்க மண். தட்டவில்லை.

"நான் வழி முழுக்க அழுதுகொண்டு வந்தனான். பக்கத்திலை இருந்த ஆரோ ஒரு வெள்ளைக்காரி கண்ணைத் துடைக்கத் தன்ரை கைலேஞ்சியைத் தந்தவள். அவரோடை கதைக்காமல் விட்டிட்டனே எண்டு…" பையை எடுத்தான். "நான் குருநகருக்கு, யசிந்தாட அம்மா வீட்டை போறன்."

போறன். அதே முற்றம், அதே சொல். பாவம் செய்தவளுக்கு இதுதான் கிடைக்கும் என்று பத்மாசினி நினைத்தாள். கூப்பிடுகிற உரிமையும் இனித் தனக்கு இல்லை என்று பட்டது. மகன் படலையில் கை வைத்தான்.

"தம்பி."

கூப்பிட்டது கனகரத்தினம். வீட்டை விட்டுப் போகிற ஒருவரையும் பின்னால் நின்று கூப்பிட்டுப் பழக்கமில்லாத மனுசன். மைக் இல்லாமல் அவருக்குக் கதைக்கத் தெரியவில்லை.

"போட்டு வா, தம்பி" என்றார்.

செந்தூரன் திரும்பவில்லை. படலையைப் பிடித்த கை அப்படியே நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. கார்க்காரன் ஒன்றும் விளங்காமல் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"ஓம்," என்றான் செந்தூரன், முதுகைக் காட்டியபடியே. "போட்டு வாறன்."

கார் ஒழுங்கையைத் தாண்டும் மட்டும் கனகரத்தினம் அதே இடத்தில் நின்றார். பத்மாசினி படியில் இருந்து, நேற்றுக் காலையில் இருந்து வராத அழுகையை அழத் தொடங்கினாள்.